மைத்ரேயி ராமகிருஷ்ணனுக்காக ஒரு மாத நெட்ஃபிளிக்ஸ்: காசுக்குத் தகுமா?

தகும். ஒரு மாதத்துக்கு மட்டும் சந்தா கட்டி, 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடரின் நான்கு சீசன்களையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மொத்தம் 40 எபிசோட், ஒவ்வொன்றும் சுமார் அரை மணி நேரம். தினமும் இரவு சாப்பிட்ட பிறகு ஒன்றிரண்டு பார்த்தால்கூட மாதக் கடைசிக்குள் முடிந்துவிடும். அந்த ஒரு மாதத்தில், அதற்கு முன் பள்ளி நாடகம் தவிர வேறு எதிலும் நடித்திராத ஒரு பெண், கேமரா முன்னாலேயே தொழில் கற்றுக்கொண்டு முழு நடிகையாக வளர்வதைப் பார்க்கலாம். நான் கொடுத்த காசுக்குக் கிடைத்தது அதுதான். மற்றதெல்லாம் உபரி.

எந்தப் பிளான் எடுப்பது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 2021 டிசம்பரில் விலையைக் குறைத்தபோது வைத்த கணக்குப்படி மொபைல் 149, பேசிக் 199, ஸ்டாண்டர்ட் 499, பிரீமியம் 649. போனில் மட்டும் பார்ப்பதென்றால் 149 போதும் என்று தோன்றும். ஆனால் அதில் படத்தின் தெளிவு 480பி-க்கு மேல் வராது, அதாவது கொஞ்சம் மங்கலாகவே இருக்கும், டிவியிலும் போட முடியாது. இந்தத் தொடருக்கு நான் 199 ரூபாய் பிளானைத்தான் சிபாரிசு செய்வேன். இதில் வசனம் ஓடுகிற வேகத்துக்கு சப்டைட்டில் கட்டாயம் வேண்டும். சின்னப் போன் திரையில் சப்டைட்டிலையும் முகத்தையும் ஒரே நேரத்தில் பிடிக்க முடியாது. இங்கே முகம் முக்கியம். 499-க்குப் போக ஒரு காரணமும் இல்லை. பெரிய காட்சிப் பிரம்மாண்டம் எதுவும் கிடையாது. வீடு, பள்ளி வராந்தா, தெரு, மறுபடியும் வீடு, அவ்வளவுதான்.

இன்னொன்று, ஆங்கில ஆடியோவிலேயே பாருங்கள். இந்தப் பெண்ணின் நடிப்பில் பாதி அவர் குரலில் இருக்கிறது. ஒரு வாக்கியத்தைப் பெரிய மனுஷி தோரணையில் தொடங்கி, நடுவில் தானே பயந்துபோய், கடைசி இரண்டு சொல்லை விழுங்கிவிடுவார். அது வேறு யார் குரலிலும் வராது.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கனடாவில் டொராண்டோவுக்குப் பக்கத்தில் இருக்கும் மிசிசாகாவில் 2001 டிசம்பரில் பிறந்தவர். பெற்றோர் போர் காரணமாக இலங்கையிலிருந்து அகதிகளாகப் போன ஈழத் தமிழர்கள். 2019-ல் அமெரிக்க நடிகையும் எழுத்தாளருமான மிண்டி கேலிங், தன் புதிய தொடரான இதற்குத் தெற்காசியப் பெண் ஒருவர் வேண்டும், அனுபவம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, யார் வேண்டுமானாலும் வீடியோ அனுப்பலாம் என்று இணையத்தில் அறிவித்தார். வந்து குவிந்தவை சுமார் 15,000 விண்ணப்பங்கள். அவற்றில் தோழியோடு சேர்ந்து எடுத்து அனுப்பிய மைத்ரேயியின் வீடியோவும் ஒன்று. அதன்பிறகு இன்னும் சில வீடியோ கேட்டு, லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வரவழைத்து, கடைசியில் அவரையே தேர்வு செய்தார்கள். அப்போது அவருக்கு 17 வயது. யார்க் பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்கக் கிடைத்த இடத்தைத் தள்ளிப்போட்டுவிட்டுப் போனார். முதல் சீசன் 2020 ஏப்ரல் 27 அன்று வந்தது, உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரம். அடுத்த ஆண்டே டைம் பத்திரிகையின் வளரும் நூறு பேர் பட்டியலில் அவர் பெயர்.

சிபாரிசு, சினிமாக் குடும்பம், மாடலிங் எதுவும் இல்லாமல் ஒரு தமிழ்ப் பெண் இப்படி வந்ததில் எனக்கு இருக்கும் சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்துக்காக மட்டும் யாரும் 199 ரூபாய் கட்ட வேண்டாம். நடிப்பைப் பார்த்துக் கட்டுங்கள்.

கதை இதுதான். மைத்ரேயி நடிக்கும் தேவி விஸ்வகுமார், கலிபோர்னியாவின் ஷெர்மன் ஓக்ஸில் வசிக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண். பள்ளியில் நடந்த இசை நிகழ்ச்சியில் அவள் ஹார்ப் வாசித்துக்கொண்டிருக்கும்போதே, பார்க்க வந்திருந்த அப்பா மாரடைப்பில் இறந்துபோகிறார். அதன்பிறகு சில மாதம் அவளுக்கு இரண்டு காலும் அசையவில்லை. தொடர் தொடங்கும்போது கால் சரியாகிவிட்டது, புதிய பள்ளி ஆண்டு, எல்லாவற்றையும் மறந்து சாதாரணப் பெண்ணாகிவிட வேண்டும் என்ற வெறி. அப்பாவைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். அந்த மறுப்புதான் நான்கு சீசனையும் தள்ளிக்கொண்டு போகிற எஞ்சின். பையன்கள், பார்ட்டி, தோழிகளோடு சண்டை எல்லாம் அதை மூடி மறைக்க அவள் செய்கிற வேலைகள்.

முதல் எபிசோடின் முதல் காட்சியே போதும். வீட்டில் சாமி மாடத்துக்கு முன்னால் நின்று புது வருடத்துக்கான வேண்டுதலைச் சொல்கிறாள் தேவி. ஒரு பார்ட்டிக்குத் தன்னை யாராவது கூப்பிட வேண்டும், கையில் இருக்கும் முடி கொஞ்சம் குறைய வேண்டும், அப்புறம் ஒரு காதலன் வேண்டும். சந்தைக் கடைசியில் காய்க்காரரிடம் பேரம் பேசுவதுபோல் சாமியிடம் பேசுகிறாள், கெஞ்சலும் உரிமையும் கலந்து. சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த வேண்டுதலில் அப்பா பெயர் இல்லை என்பது பிறகுதான் உறைக்கிறது. இதை முதல் முறையாகக் கேமரா முன் நிற்கும் ஒருவர் செய்திருக்கிறார். அந்தக் கை முடி விஷயத்தைப் பார்த்துவிட்டு, பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகள் ரிமோட்டை வாங்கித் திரும்பப் போட்டுப் பார்த்தாள். தன் வயதுப் பெண் ஒருத்தி கண்ணாடி முன் மட்டும் நினைக்கிற ஒன்றை டிவியில் சத்தமாகச் சொன்னது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

இரண்டாவது, கோபம். நம் திரையில் பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கோபம் வந்தால் அது செல்லக் கோபம், இல்லாவிட்டால் வீர வசனம். தேவியின் கோபம் இரண்டும் இல்லை. அசிங்கமாக வரும், தப்பான ஆள் மேல் விழும், முடிந்த பிறகும் இறங்காது. முதல் சீசனின் கடைசிக்கு முந்தைய எபிசோடில் அம்மா நளினியோடு சண்டை முற்றி, அப்பாவுக்குப் பதில் நீ செத்திருக்கலாம் என்கிற வார்த்தையைச் சொல்லிவிடுகிறாள். எழுத்தில் படித்தால் மிகையாகத் தெரியும். பார்க்கும்போது, இந்தப் பெண் ஏறக்குறைய ஒரு வருடமாக இந்த வார்த்தையைத் தொண்டையில் வைத்துக்கொண்டிருந்தாள் என்று தோன்றுகிறது. நளினியாக வரும் பூர்ணா ஜெகந்நாதனும் சாதாரணப்பட்ட நடிகை இல்லை. அதை வாங்கிக்கொண்டு அவர் நிற்கும் நிலையில்தான் அந்தக் காட்சிக்குக் கனம் வருகிறது. எதிரில் இவ்வளவு தேர்ந்த ஒருவர் இருந்தது மைத்ரேயிக்குப் பெரிய அதிர்ஷ்டம் என்று நினைக்கிறேன். இவர்கள் இருவரும் சேர்ந்து வரும் காட்சிகள்தான் தொடரில் ஆகச் சிறந்தவை, காதல் காட்சிகள் எதுவும் பக்கத்தில்கூட வராது.

இதே இரண்டு பேரை மூன்றாம் சீசன் கடைசி எபிசோடில் பாருங்கள். (இந்தப் பத்தியில் கதையைச் சொல்கிறேன், வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம்.) வெளியூரில் பெரிய பள்ளி ஒன்றில் கடைசி வருடம் படிக்க தேவிக்கு வாய்ப்பு வருகிறது. எப்போது இந்த வீட்டை விட்டு ஓடலாம் என்று காத்திருந்தவள், இன்னும் ஒரு வருடம் அம்மாவோடு இருக்கிறேன் என்று முடிவெடுக்கிறாள். முதல் சீசனில் குரலை ஏற்றிச் செய்ததை இங்கே குரலை இறக்கிச் செய்கிறார் மைத்ரேயி. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல ஜோடிக் காட்சி கிடையாது. 2020-க்கும் 2022-க்கும் நடுவில் அவர் என்ன கற்றுக்கொண்டார் என்று யாராவது கேட்டால் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால் போதும்.

மனநல ஆலோசகராக வரும் நீசி நாஷோடு இருக்கும் காட்சிகளையும் விட்டுவிடாதீர்கள். அப்பாவைப் பற்றிக் கேட்டால் தேவி பேச்சை ஒரு பையன் பக்கம் திருப்புவாள், மறுபடி கேட்டால் ஜோக் அடிப்பாள். உடனே நம் வீடுகளில் துக்கத்தை எப்படிச் சமாளிக்கிறோம் என்று யோசிக்க வைத்தது. காரியம் முடிந்ததும் பிள்ளைகளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லையே. மிண்டி கேலிங் 2012-ல் தன் அம்மாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த அனுபவத்தின் உண்மை எழுத்தில் தெரிகிறது.

கதையை நடத்திச் செல்லும் குரல் டென்னிஸ் வீரர் ஜான் மெக்கன்ரோவுடையது. இது ஏன் என்று முதலில் யாருக்கும் புரியாது. அப்பா மோகன் டென்னிஸ் பிரியர், மெக்கன்ரோவின் ரசிகர் என்று தெரிந்த பிறகு, அதுவும் மெக்கன்ரோ மைதானத்தில் கோபத்துக்குப் பேர்போன ஆள் என்பதை நினைத்துக்கொண்டால், அதைவிடப் பொருத்தமான குரல் கிடையாது. கொஞ்சம் பொறுமையாக இரண்டு எபிசோட் தாண்டுங்கள், பழகிவிடும்.

சரி, குறைகள். முதல் குறை தமிழ். தமிழ்க் குடும்பம் என்கிறார்கள், ஆனால் காதில் விழும் தமிழ் ஒரு 'கண்ணா', ஒரு 'பாட்டி', அதற்கு மேல் மிகக் கொஞ்சம். அமெரிக்காவில் வளர்ந்த பெண் ஆங்கிலத்தில் பேசுவது இயல்புதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தியாவிலிருந்து வந்த அம்மா, பாட்டி, அத்தனை பேரும் வீட்டுக்குள் சண்டை போடும்போதுகூட ஆங்கிலத்திலேயே போடுவார்களா? கோபம் வந்தால் யாருக்கும் தாய்மொழிதானே முதலில் வரும். உறவுக்காரப் பெண் கமலாவின் உச்சரிப்பும் எனக்கு ஒட்டவே இல்லை. நடித்த ரிச்சா மூர்ஜானி கலிபோர்னியாவில் பிறந்தவர், அந்த இந்தியத் தொனி மேலே போர்த்திய மாதிரியே இருக்கிறது.

இதைவிட எனக்கு உறுத்தியது வேறு. மைத்ரேயி தன்னைத் தமிழ்க் கனடியர் என்று அழுத்திச் சொல்பவர், ஈழத்துப் பின்னணியை மறைக்காதவர். அவர் ஏற்ற பாத்திரமோ இந்தியத் தமிழ்ப் பெண். மிண்டியின் அப்பா தமிழர், அம்மா வங்காளி, அவர் தன் குடும்பத்தை ஒட்டி எழுதினார், அது அவர் உரிமை. ஆனாலும் மிசிசாகாவிலோ ஸ்கார்பரோவிலோ வளர்ந்த ஒரு ஈழத்துப் பிள்ளையின் கதையை, அதே வேகத்தோடும் அதே சிரிப்போடும், இதே நடிகையை வைத்து யாராவது எடுக்க வேண்டும் என்ற ஆசை தொடர் முழுக்க என்னை விடவில்லை.

முதல் சீசனின் நான்காவது எபிசோடில் வரும் பிள்ளையார் பூஜை மட்டும் இந்தக் குறையைக் கொஞ்சம் ஈடு கட்டுகிறது. பாவாடை தாவணியில் நெளிந்துகொண்டே வருகிற தேவி, எல்லாரையும் கிண்டலடித்துக்கொண்டு நிற்கிறாள். தன்னைப் போலவே இதையெல்லாம் கிண்டலடித்துத் திரிந்த ஒரு பழைய நண்பன் ஹரிஷ், ஸ்டான்போர்டு போய்ப் படித்துவிட்டு, இப்போது இதெல்லாம் எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு குழப்பம் வருகிறது பாருங்கள், தன் பக்கம் இருந்த ஆள் கட்சி மாறிவிட்ட குழப்பம். நாற்பதில் ஒன்றை மட்டும் பார்ப்பேன் என்று யாராவது அடம் பிடித்தால் நான் இதைத்தான் கொடுப்பேன்.

அப்புறம் நீளம். இரண்டாம் சீசன் நடுவில் தேவி செய்யும் தவறுகள் ஒரே தடத்தில் சுற்றுகின்றன. பொய் சொல்வாள், மாட்டுவாள், மன்னிப்புக் கேட்பாள், அடுத்த எபிசோடில் மறுபடி பொய். தேவி மனசு வைக்கும் இரண்டு பையன்களில் பாக்ஸ்டனா பென்னா என்கிற இழுபறியும் ஓரளவுக்கு மேல் அலுக்கிறது. நான்காம் சீசன் கல்லூரி விண்ணப்பம், வழியனுப்பு விழா என்று எல்லா முடிச்சையும் அவிழ்க்கும் அவசரத்தில் ஓடுகிறது, ஆனால் பாட்டி நிர்மலாவுக்குக் கொடுத்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது, வயதானவர்களுக்கும் ஆசை உண்டு என்பதை இவ்வளவு இயல்பாக நம் தொடர்களில் பார்த்ததில்லை.

குடும்பத்தோடு பார்க்கலாமா என்று கேட்பீர்கள். அம்மா அப்பாவை வைத்துக்கொண்டு வேண்டாம். உடலுறவு பற்றிய பேச்சு முதல் எபிசோடிலிருந்தே வருகிறது, முத்தக் காட்சிகள் உண்டு, பார்ட்டியில் குடியும் உண்டு. பத்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கும் இது இல்லை. மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் பெண் வீட்டில் இருந்தால், கூட உட்கார்ந்து பார்க்கலாம். சங்கடமான காட்சி வரும்போது இரண்டு பேரும் கொஞ்ச நேரம் போனைப் பார்த்துக்கொள்ளலாம், அதன்பிறகு வரும் பேச்சு அந்தச் சங்கடத்துக்குத் தகும்.

தொடர் 2023 ஜூன் 8 அன்று கடைசி சீசனோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் என்ன செய்கிறார் என்று தேடுபவர்களுக்குச் சில வார்த்தை. தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே, 2022 மார்ச்சில் வந்த பிக்சாரின் 'டர்னிங் ரெட்' அனிமேஷன் படத்தில் பிரியா என்ற தோழிக்குக் குரல் கொடுத்தார். 2002-ன் டொராண்டோவில் நடக்கிற கதை, டொராண்டோவில் வளர்ந்த டோமி ஷி இயக்கியது. தேவி கத்துவாள், பிரியா கத்தவே மாட்டாள். உலகமே தலைகீழானாலும் ஒரே சுருதியில் பேசுவாள். இரண்டும் ஒரே ஆளின் குரல் என்று சொன்னால் நம்ப முடியாது. அதே ஆண்டில் நெட்ஃபிளிக்ஸின் மை லிட்டில் போனி தொடரில் ஸிப் என்ற குதிரைக்கும் குரல் கொடுத்திருக்கிறார், அது சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கானது.

2025 ஆகஸ்டில் 'ஃப்ரீக்கியர் ஃப்ரைடே' வந்தது. ஜேமி லீ கர்டிஸ், லிண்ட்சே லோஹன் இருவரும் 2003-ல் செய்த பாத்திரங்களை மறுபடி எடுத்துக்கொண்ட டிஸ்னி படம், இயக்கம் நிஷா கனாத்ரா. இதில் மைத்ரேயி, லோஹனின் பாத்திரம் மேலாளராக இருந்து பார்த்துக்கொள்ளும் 'எல்லா' (Ella) என்கிற பாப் பாடகியாக வருகிறார், காதல் முறிந்துபோய் அழுதுகொண்டே கச்சேரிக்குத் தயாராகும் நட்சத்திரம். வரும் இடங்களில் நன்றாகவே செய்திருக்கிறார், பெரிய ஸ்டுடியோ படத்தில் ஒரு தமிழ்ப் பெயர் இயல்பாக ஓடுவதும் சந்தோஷம்தான். ஆனால் எனக்குப் போதவில்லை. 40 எபிசோடைத் தோளில் தூக்கி நடந்த ஒருவரை, சினிமா என்று வந்ததும் கதாநாயகியின் தோழி, கதாநாயகியின் வாடிக்கையாளர் என்று ஓரத்தில் நிறுத்துகிறார்கள். பிரியாவும் சரி, 'எல்லா'வும் சரி, கதை அவர்களுடையது இல்லை. தொடரில் கோபத்தையும் துக்கத்தையும் நகைச்சுவையையும் ஒரே காட்சிக்குள் வைக்கத் தெரிந்த நடிகைக்கு, இரண்டு மணி நேரம் முழுக்க அவர் முகத்தோடு நகரும் ஒரு படம் வேண்டும். அது ஹாலிவுட்டில்தான் வர வேண்டும் என்றும் இல்லை, கனடாவிலேயே எடுக்கலாம், தமிழிலும் எடுக்கலாம்.

நேரம் இல்லாதவர்களுக்கு என் சிபாரிசு இது: முதல் சீசனை முழுதாகப் பாருங்கள், பத்து எபிசோட், இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியும். பிடித்திருந்தால் இரண்டாம் சீசனின் தொடக்கத்தைத் தவறவிடாதீர்கள், அதில்தான் நளினி இந்தியாவுக்கு வந்து தன் சொந்த வீட்டிலேயே அந்நியமாக நிற்கிறார். நடுவில் அலுத்தால் கொஞ்சம் ஓட்டிவிட்டு மூன்றாம் சீசனுக்கு வந்துவிடலாம், கதை விட்டுப்போகாது. சந்தா தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்பதால், கட்டிய அன்றே அக்கவுண்ட் பக்கத்துக்குப் போய் ரத்து செய்துவிடுங்கள். கட்டிய மாதம் முடியும் வரை பார்க்கலாம், தடை எதுவும் இருக்காது.